நார்வேயில் மின்சாரக் கார்கள்

பெட்ரோல், டீசல் கார்களை விட்டு மின்சாரக் கார்களுக்கு மாறுவதில் உலகிலேயே முன்னே நிற்கும் நாடு நார்வே. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் இந்நாட்டில் 2024-இல் விற்பனையான புதிய கார்களில் 88.9 விழுக்காடு முழுக்க முழுக்க பேட்டரியில் ஓடுபவை. பெட்ரோல் கார் விற்பதற்குத் தடை ஏதும் அங்கில்லை. 2025 முதல் விற்கும் புதிய கார்கள் எல்லாம் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று 2017-இல் நாடாளுமன்றம் வகுத்ததுகூட ஓர் இலக்குதான், சட்டம் அல்ல. மாற்றத்தைக் கொண்டுவந்தவை மூன்று: வரி, வீட்டு வாசல்வரை வந்திருந்த மின்சாரம், அரசுகள் மாறியும் மாறாத கொள்கை.

தொடக்கம் 1989. ‘ஆ-ஹா’ என்ற பாப் இசைக்குழுவைச் சேர்ந்த மார்ட்டன் ஹார்க்கெட்டும் மாக்னே ஃபுருஹோல்மனும், பெலோனா சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெடெரிக் ஹௌகேவும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவை சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். ஆஸ்லோவின் சுங்கச்சாவடிகளில் காசு கட்ட மறுத்தே அதை ஓட்டினார்கள். அபராதம் குவிந்தது, வண்டி பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது, அவர்களே அதை ஏலத்தில் எடுத்து மறுபடியும் சுங்கம் கட்டாமல் ஓட்டினார்கள். 1990-இல் மின்சாரக் கார்களுக்குப் பதிவு வரி தற்காலிகமாக விலக்கப்பட்டது. 1997-இல் சுங்கமும், 2001-இல் 25 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் விலக்கப்பட்டன. பிறகு பேருந்துத் தடத்தில் செல்லும் அனுமதியும் கிடைத்தது. அந்நாளில் வாங்கத்தக்க மின்சாரக் கார்களே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. நல்ல வண்டிகள் சந்தைக்கு வர இருபதாண்டு ஆனபோதும் சலுகைகளைத் திரும்பப் பெறாமல் காத்ததே நார்வேயின் உண்மையான சாதனை.

பெட்ரோல் காருக்கு அங்கே எடை, கரிம உமிழ்வு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கடுமையான பதிவு வரி விதிக்கப்படுகிறது. ஆகவே தொழிற்சாலையில் விலை கூடிய மின்சாரக் கார், கடையில் பெட்ரோல் காரின் விலைக்கே, சில வேளை அதற்கும் கீழே கிடைத்தது. காக்க வேண்டிய பெரிய கார் ஆலைகள் உள்நாட்டில் இல்லாததால் இத்தகைய வரியை எதிர்க்க வலுவான தொழில்துறையும் இல்லை. 2023-இல் 5 லட்சம் நார்வே குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி வந்தது. ஆனாலும் விற்பனைப் பங்கு குறையவில்லை.

நார்வேயின் மின்சாரத்தில் சுமார் 90 விழுக்காடு நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. குளிருக்கு வீட்டைச் சூடாக்குவதே மின்சாரத்தில்தான் என்பதால் பெரும்பாலான வீடுகளில் கனமான மின் இணைப்பு முன்பே இருந்தது. இரவில் சார்ஜ் போட்டால் காலையில் வண்டி தயார். பெரும்பாலோரின் அன்றாட ஓட்டத்துக்கு அதுவே போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் சிக்கல். அதற்கும் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வழி செய்தது: வீட்டு உரிமையாளர் சார்ஜர் கேட்டால், தக்க காரணம் இல்லாமல் குடியிருப்புச் சங்கம் மறுக்க முடியாது.

குளிர்காலமே கடினமான சோதனை. பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே அந்தக் காரின் உட்புறத்தைச் சூடாக்கிவிடும். மின்சாரக் காரில் அந்த வெப்பத்தையும் பேட்டரியே தர வேண்டும். அதோடு உறைகுளிரில் லித்தியம் பேட்டரியின் உள்ளே வேதிவினை மந்தமாகி, சார்ஜ் ஏறும் வேகமும் குறைகிறது. நார்வே வாகன ஓட்டுநர் சங்கம் ஆண்டுதோறும் பல கார்களை ஒரே சாலையில், பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்க்கிறது. பனிக்காலத்தில் நிறுவனங்கள் சொல்லும் தொலைவில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைவது வழக்கம். 400 கிலோமீட்டர் என்று விற்ற கார் 300-இல் நிற்கலாம் என்று கொண்டே அங்குள்ளவர்கள் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். காலையில் கிளம்புமுன், சார்ஜர் ஒயர் செருகியிருக்கும்போதே, கைபேசி மூலம் ஹீட்டரை இயக்கிவிடுவார்கள். கண்ணாடியில் படிந்த பனி தானே உருகிவிடும். அதற்குச் செலவாவது பேட்டரியில் உள்ள மின்சாரம் அல்ல, வீட்டு மின்சாரம். வழியில் விரைவு சார்ஜரை நெருங்குமுன் பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதியும் புதிய கார்களில் உண்டு.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது சரியல்ல. ஈஸ்டர் விடுமுறையில் மலைக் குடில்களுக்குச் செல்லும் கூட்டத்தால் நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் வரிசை நீளும். ஒவ்வொரு சார்ஜர் நிறுவனத்துக்கும் தனிச் செயலி என்ற தொல்லை நெடுநாள் நீடித்தது. புதிய விரைவு சார்ஜர்களில் வங்கி அட்டை ஏற்க வேண்டும் என்ற விதி 2023-இல்தான் வந்தது. மின்சாரக் கார்கள் பெருகிப் பேருந்துகளையே மறித்ததால், நெரிசல் நேரத்தில் உடன் ஒருவராவது பயணித்தால்தான் பேருந்துத் தடம் என்ற கட்டுப்பாடு ஆஸ்லோவுக்குள் வரும் சில சாலைகளில் வந்தது. வரிச் சலுகையால் முதலில் பயன்பெற்றவர்கள் வீட்டில் இரண்டாவது கார் வாங்க வசதி படைத்தவர்கள். இத்தனை வருவாய் இழப்பையும் அரசு தாங்க முடிந்ததற்கு, ஏற்றுமதியாகும் எண்ணெயும் எரிவாயுவும் ஈட்டித்தரும் செல்வம் ஒரு காரணம். அந்தச் செல்வம் இல்லாத நாடுகள் நார்வேயின் வரிச் சலுகைகளை அப்படியே எடுத்துக்கொள்வது கடினம். அடுக்குமாடிச் சார்ஜர் உரிமை, அட்டை விதி போன்றவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

புதிய கார் விற்பனை மாறிவிட்டால் சாலை உடனே மாறிவிடாது. 2024 செப்டம்பரில் நார்வேயில் பதிவிலிருந்த சுமார் 28 லட்சம் கார்களில் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை முதன்முறையாகப் பெட்ரோல் கார்களைத் தாண்டியது. இரண்டுமே ஏழரை லட்சத்தைச் சற்றுக் கடந்திருந்தன. அப்போதும் முதலிடத்தில் இருந்தவை டீசல் கார்கள். அங்கே ஒரு கார் பழைய இரும்புக்குப் போக பதினைந்து ஆண்டுக்கு மேலாகும் என்பதால், 2010-களில் வாங்கிய டீசல் வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.