ஜொகூர் ஆற்றுக் கருங்கோட்டையும் இராஜேந்திரனின் படையெடுப்பும்

1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் சோழர் படை ஜொகூர் ஆற்றின் மேற்பகுதிவரை வந்தது என்ற கருத்து மலேசியத் தமிழரிடையே ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் கிளாங் கியு கோட்டையின் கதையே இதற்குச் சான்று என்பர். அந்தக் கதை இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்பதே என் வாதம்.

இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம் முதல் கடாரம் வரை 13 இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றில் கிளாங் கியு இல்லை. மலையூரைத் தீபகற்பத்தின் தென்முனையில் வைப்போர் உண்டு. சுமத்திராவின் ஜாம்பிப் பக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தென்முனை என்றே கொண்டாலும் ஜொகூர் ஆற்றங்கரையில் கோட்டை ஒன்று விழுந்தது என்று அதனால் ஆகிவிடாது.

இனிக் கதைக்கு வருவோம். கலிங்க நாட்டு நாகப்பட்டினத்தை ஆளும் ராஜா சூலான், கங்கா நெகாராவை அழித்த பின் ஜொகூர் ஆற்றின் மேலே கருங்கல் கோட்டையுள்ள கிளாங் கியுவைத் தாக்குகிறான். அதன் அரசனைக் கொன்று மகளை மணக்கிறான். மாண்ட அரசன் பெயர் சூலின். படையெடுத்தவன் பெயரோ ஒரு படியில் சூலான், இன்னொரு வாசிப்பில் சூரான். சோழனை நினைவூட்டும் ஒலி போரின் இருபுறமும் கேட்கும்போது, ஒலியை மட்டும் வைத்து வென்றவனை இராஜேந்திரன் என்று எப்படித் துணிவது?

நாகப்பட்டினம் என்ற பெயர் பழைய நினைவின் எச்சம் என்பதும் உறுதியில்லை. இந்நூலின் நாமறிந்த வடிவம் 1612ஐச் சேர்ந்தது. ஜொகூரின் பெண்டஹாராவான (முதலமைச்சர்) துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைந்தது. அப்போது நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் கையிலிருந்த துறைமுகம். மலாக்காவின் கெலிங் (தென்னிந்திய) வணிகர் வழியாக மலாய் உலகுக்கு அது அன்றாடம் பழகிய பெயர்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இடத்தைப் பற்றி. ஜொகூரின் அன்றைய தலைநகர் பத்து சாவார் இதே ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த ஜொகூர் லாமாவை 1587இல் போர்த்துக்கீசியர் அழித்திருந்தனர். தங்கள் ஆற்றிலேயே ஒரு கோட்டை அழிந்ததைக் கண்ட தலைமுறை, வீழ்ந்த இன்னொரு கோட்டையின் கதையை அதே ஆற்றில் வைத்துச் சொன்னது தற்செயலாக இருக்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. அவ்வகையில் நூலின் இப்பகுதி 11ஆம் நூற்றாண்டைவிட 17ஆம் நூற்றாண்டு ஜொகூருக்கே நல்ல சான்று.

நெருப்பில்லாமல் புகையுமா என்போருக்கு மறுமொழி ஒன்று போதும். அதே நூல் மலாய் அரசர்களின் மரபை இஸ்கந்தர் சுல்கர்னைனிடம் (அலெக்சாந்தர்) கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதை யாரும் வரலாறாக ஏற்பதில்லை.

மண்ணும் இதுவரை துணை நிற்கவில்லை. கடாரமாகக் கருதப்படும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் அடித்தளங்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. கிளாங் கியுவோடு இணைத்து 2005இல் செய்தித்தாள்கள் கொண்டாடிய ஜொகூரின் கோத்தா கெலாங்கியிலோ நகரம் எதுவும் உறுதிப்படவில்லை.

ஜொகூர்த் தமிழ் ஆய்வாளர்கள் ஜாவி எழுத்தைக் கற்று, செஜாரா மெலாயுவின் படிகளை வரிக்கு வரி ஒப்பிட முன்வர வேண்டும். அந்தப் பணி முடியும்வரை சோழர் போர்க்கள வரைபடத்தில் ஜொகூர் ஆற்றுக்கு இடமில்லை.