ஒரு பிடி அரிசி

கோயில் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். 19-ம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சீமை நாடார் வியாபாரிகளின் நிலைமை இது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் தோற்றது. கோர்ட் கைவிட்டாலும் கல்லாப்பெட்டி கைவிடவில்லை!

விருதுபட்டியில் (1923-லிருந்து விருதுநகர்) மூட்டைக்கு இவ்வளவு என்று ‘மகமை’ ஒதுக்கி, உறவின்முறைப் பொதுநிதியில் சேர்த்தார்கள் கடைக்காரர்கள். அப்படி எழுந்ததுதான் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடம். கடையிலிருந்து மகமை வந்தது; வீடுகளிலிருந்து, உலை வைக்கும்போது எடுத்துவைத்த ஒரு பிடி அரிசி வந்தது.

அங்கே படித்த பையன் ஒருவன், அப்பாவை இழந்து, ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போனான். பின்னாளில் முதலமைச்சராகி, 1950-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார்... காமராஜர்!

பிடி அரிசி வீண்போகுமா என்ன?