விருந்தினர் ஏடும் தகரச் சீட்டும்

விடுதிக்குச் சென்றால் வரவேற்பறையில் நம் பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதுகிறார்கள். பின்னரே சாவி கைக்கு வருகிறது. அறையோ நாம் வருமுன்பே ஆயத்தமாய் இருக்கிறது. வருகிறவரை எவ்வாறு பதிவு செய்கிறோம் என்பதில் ஓர் ஊரின் மனமும் வெளிப்படும். நமது முத்துக்குளித்துறையின் வரலாறே அதற்குச் சான்று.

1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து புகைவண்டியில் வந்து, இங்கே கப்பலேறிக் கொழும்பு செல்வது அந்நாளைய வழக்கம். கரையோரக் கடல் ஆழமற்றது. ஆகவே பெரிய கப்பல்கள் சில கல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகள் சிறு கலங்களில் சென்று அவற்றை அடைந்தனர். வண்டியின் நேரமும், கப்பலின் நேரமும், கடலின் நிலையும் பார்த்து வருவோரை எதிர்கொள்ள வேண்டிய ஊராயிற்று தூத்துக்குடி.

ஆயினும் எல்லாரும் ஒரே விதமாய் எதிர்கொள்ளப்படவில்லை. உயர்வகுப்புப் பயணிக்கு உணவும் ஓய்வும் காத்திருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஏழைத் தொழிலாளரோ, துறைமுகத்துக்கு முன்னுள்ள தட்டப்பாறையில் இறக்கப்பட்டனர். கொள்ளைநோய் அச்சத்தால் அங்கே முகாம் அமைக்கப்பட்டிருந்தது. மருத்துவச் சோதனையும் துணிகளுக்குக் கிருமி நீக்கமும் முடியும்வரை அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. இன்ன தோட்டத்துக்குரியவர் எனக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறித்த வில்லை அது. அதைக் காட்டினால் சோறும் பயணமும் கிடைத்தன. செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டம் அதனைக் கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாக்கியது. கப்பலேறுமுன்பே கடனாளியானவன் எப்படி விருந்தினனாவான்? கொட்டகையும் சோறும் மருத்துவரும் முன்னேற்பாடாகவே இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேற்பாடெல்லாம் வருகிறவனுக்காக அன்று, அவனை எதிர்பார்த்திருந்த தோட்டத்துக்காகவே செய்யப்பட்டது.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தது. கொழும்புப் பயணிகள் கூட்டம் அங்கே திரும்பியது. தொழிலாளர் முகாமும் மண்டபத்துக்குச் சென்றது. 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலருக்கும், 1983க்குப் பின் போருக்கு அஞ்சி ஓடிவந்தோருக்கும் முதல் தங்குமிடமானது அதே மண்டபமே. தகரச் சீட்டுடன் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருப்பர். 2011இல் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் ஓடி, சில திங்களில் நின்றும் போயிற்று.

கப்பல் நின்றாலும் ஊருக்கு வருவோர் நிற்கவில்லை. வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி நம் கடற்கரைக்கு வரும் இளைஞரை இன்று பார்க்கிறோம். ஒப்பந்தக்காரரின் பட்டியலில் அவர்களும் ஓர் எண்ணாக இருக்கக்கூடும். அவர்களுள் ஒருவருடைய பெயரேனும் நமக்குத் தெரியுமா? தெரியாதெனில், தட்டப்பாறையின் பழைய முகாமை நாம் இன்னும் மூடவில்லை.