படத்தின் கீழே ஒரு பெயர்

வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற அமைப்பு 1955இல் நெதர்லாந்தில் தொடங்கியது. உலகெங்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களில் சிறந்தவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுத்து, பிறகு அவற்றை நாடு நாடாகக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்கிறார்கள். லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள ரோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் பல தடவை வைத்தார்கள். 2024இல் லண்டன் பிரிட்ஜுக்கு அருகே பரோ யார்ட்ஸில் வைத்தார்கள். இப்படியான கண்காட்சிக்குப் போய்வரும் வாலிபர்கள், "பார்க்கவே முடியவில்லை அக்கா, இதையெல்லாம் ஏன் எடுக்கிறார்கள்?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இந்த நகரத்துக்கு அது புதிதும் அல்ல.

1855ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பால் மாலில் ஒரு படக் கண்காட்சி திறந்தது. ரோஜர் பென்டன் என்பவர் கிரைமியப் போர்க்களத்துக்குக் கமராவோடு போய், 300க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பியிருந்தார். வைன் வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை இருட்டறையாக மாற்றி, அதையே குதிரைகளைப் பூட்டி இழுத்துத் திரிந்த மனிதர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குட்டாரி வைத்தியசாலையில் இருந்த காலமும் அதுதான். அந்தப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட நோயால் செத்ததே அதிகம். ஆனால் பென்டனின் படங்களில் பிணம் ஒன்றுகூட இல்லை. அதிகாரிகள் இருக்கிறார்கள், கூடாரங்கள் இருக்கின்றன, குதிரைகள் இருக்கின்றன. மிகவும் பேர்போன படத்தில் மனிதரே இல்லை. வெறும் பள்ளத்தாக்கும், பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கும் பாதையும்தான். சிப்பாய்கள் அந்த இடத்துக்கு 23ஆம் சங்கீதத்திலிருந்து பெயர் வைத்திருந்தார்கள்: மரண இருளின் பள்ளத்தாக்கு. (அதே இடத்தில் எடுத்த இன்னொரு படத்தில் பாதையில் குண்டுகள் இல்லை. படத்துக்காக யாரோ குண்டுகளை எடுத்து வைத்தார்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.) பிள்ளையைப் போருக்கு அனுப்பிய வீட்டார் வந்து பார்க்கும் கண்காட்சியில் பிணத்தைத் தொங்கவிட யாருக்கும் மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

நம்மவர் விஷயத்தில் அந்தக் கூச்சம் இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் பிடித்த பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கிறார்கள். பசியிலிருந்து தப்பி அந்த ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். அவர்களுடைய வம்சத்தார் நம் சபைகளிலும் இருப்பார்கள். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லபி வாலஸ் ஹூப்பர் பஞ்சத்தில் அகப்பட்டவர்களைப் படம் எடுத்தார். குடும்பம் குடும்பமாக, ஸ்டூடியோவில் நிறுத்துவதுபோல அவர்களை வரிசையாக இருத்தியும் நிறுத்தியும் எடுத்திருக்கிறார். விலா எலும்புகளை எண்ணலாம். உடம்பில் துணியும் சரியாக இல்லை. தலைப்பில் எவருடைய பெயரும் இல்லை, பஞ்சத்தில் அடிபட்டவர்கள் என்ற பொருளில் ஒரு வரி மட்டும்தான். லண்டன் மேயர் 1877இல் தொடங்கிய நிவாரண நிதிக்குப் பணம் சேர்ந்தது உண்மை. இதே ஹூப்பர் 1886இல் மண்டலேயில் மரணதண்டனை நிறைவேறும் கணத்தைப் படமெடுக்க முயன்றதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. பாராளுமன்றம் வரை பேச்சுப் போய், விசாரணையும் நடந்தது. அதைப் படித்த பிறகு பஞ்சப் படங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இனி நம் ஞாபகத்தில் இருக்கும் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அருகே எழுந்த சுனாமி முல்லைத்தீவு, மட்டக்களப்பு, நாகப்பட்டினம், கடலூர் என்று நம் கரைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ரொய்ட்டர்ஸில் வேலை செய்த இந்தியரான ஆர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து அழுகிறாள். இரண்டு உள்ளங்கைகளும் மேலே பார்த்தபடி விரிந்திருக்கின்றன. இறந்த உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது, முகம் தெரியாது. அந்த ஆண்டின் முதற் பரிசு அதற்குத்தான். ஒப்பாரிக்கு உட்காரும் நம் வீட்டுப் பெண்களைக் கண்டவர்களுக்கு அந்த உள்ளங்கைகள் என்ன சொல்கின்றன என்று விளக்கத் தேவையில்லை. ஹூப்பர் ஆட்களை நிறுத்தி வைத்தார். தத்தா இறந்தவரின் முகத்தை விட்டுவிட்டார். இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆனாலும் பரிசோடு உலகம் சுற்றிய குறிப்பில் அவள் "ஒரு பெண்" மட்டுமே. வார்டில் ஒரு புண்ணைப் படமெடுப்பதற்குக்கூட நாங்கள் நோயாளியின் சம்மதம் கேட்க வேண்டும், பதிவில் எழுதி வைக்க வேண்டும். கடற்கரையில் விழுந்து கிடப்பவளிடம் யார் கேட்பது, எப்படிக் கேட்பது? கேட்டுக்கொண்டு நின்றால் படமே கிடைக்காது. அதுவும் எனக்கு விளங்குகிறது.

படம் கிடைக்காமல் போவது என்ன என்பதையும் நாம் அறிவோம். 2009இல் வன்னியில் போர் முடிவை நெருங்கியபோது, சுயாதீன ஊடகவியலாளர்கள் அங்கே போக அனுமதி இல்லை. பரிசு வாங்கும் புகைப்படக்காரர் எவரும் முள்ளிவாய்க்காலில் நிற்கவில்லை. வெளியே வந்தவை உள்ளே அகப்பட்டிருந்தவர்களே எடுத்த கலங்கலான படங்கள்: தரையில் படுக்கவைத்த காயக்காரர்கள், தற்காலிக வைத்தியசாலைகளின் தறப்பாள் கூரைகள். அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்துப் பிடித்துக்கொண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்களில் உங்கள் பெற்றோர் சிலரும் இருந்திருப்பார்கள். லண்டன் தமிழர் தாங்களே வைத்த கண்காட்சி அது. அந்தப் படங்கள் உண்மையா, எங்கே எடுத்தவை என்று வழிப்போக்கர் கேட்டால், ஒப்பிட்டுக் காட்ட வெளியார் எடுத்த படம் ஒன்றும் இல்லை.

2024இல் பரோ யார்ட்ஸுக்கு வந்த முதற் பரிசுப் படம் ரொய்ட்டர்ஸின் முகமது சலீம் எடுத்தது. 2023 ஒக்டோபர் 17, காசாவின் கான் யூனிஸ், நாசர் வைத்தியசாலை. ஒரு பெண் வெள்ளைத் துணியில் சுற்றிய சிறு உடலை அணைத்துக் குனிந்திருக்கிறாள். அவள் முகமும் தெரியாது, பிள்ளையின் முகமும் தெரியாது. ஆனால் கீழே உள்ள குறிப்பில் இருவருடைய பெயரும் இருக்கிறது. வயதும் இருக்கிறது: அத்தைக்கு 36, மருமகளுக்கு 5.