பூச்சிமருந்துக்கு ஒரு பூட்டு



என்னிடம் படித்த ஒருவரின் மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். மனநோய் பற்றியும், மனம் உடைந்தவருக்கு ஊரே கைகொடுப்பது பற்றியும் ஆய்வு செய்கிறாள். "நம்ம பக்கம் அப்படி ஏதாவது நடந்திருக்கா தாத்தா?" என்று கேட்டாள். நடந்திருக்கிறது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கினார். மனம் நொந்தவர் பேசுவதைத் தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். நகரத்துக்கு அது சரி. கிராமத்துக்கு?

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் பூச்சிமருந்து பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் இருக்கும். வீட்டில் சண்டை, கடன்காரர் வாசலில் நின்ற அவமானம், தேர்வில் தோல்வி. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும்.

இதை உணர்ந்த சினேகா, மீன்சுருட்டிக்கு அப்பால் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு ஊர்களில் ஒரு முயற்சி செய்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம். உள்ளே வங்கி லாக்கர் போலப் பெட்டிகள். தெளிக்கும் நாளில் விவசாயி மருந்தை எடுத்துப்போவார். மிச்சத்தைத் திரும்ப வைத்துப் பூட்டுவார். மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். விஷம் குடித்த சம்பவங்களும் அங்கே குறைந்தன. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. சிறிய ஆய்வுதான், ஆனால் வழி காட்டியது.

இலங்கை இன்னும் ஒரு படி மேலே போனது. கொடிய பூச்சிமருந்துகளை 1984 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995க்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

நம் சட்டமும் மாறியது. தற்கொலைக்கு முயன்றவரை 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் குற்றவாளியாகப் பார்த்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. ஆகவே போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

உங்கள் வீட்டு மருந்தை இன்றே பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் யாராவது பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், போய் உட்கார்ந்து விசாரியுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். எண்ணைக் குறித்துவைத்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்