பூட்டிக் கிடந்த மூணு ஸ்டாண்டு

எங்க ஊர் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். சேப்பாக்கம் எங்களுக்கு டிவியில்தான். ஒரு ஐபிஎல் மேட்ச் பார்க்கும்போது தாத்தா கேட்டார்: "ஏன்டா தம்பி, ஊரே மஞ்சளா இருக்கு, அந்தப் பக்கம் மட்டும் ஏன் ஆளே இல்ல? டிக்கெட் விக்கலையா?" எனக்குப் பதில் தெரியலை. இந்த எபிசோட் அவருக்குத்தான்.

அது ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது கட்டியவை, சுமார் 12,000 இருக்கைகள். கட்டட விதி மீறல் என்று சென்னை மாநகராட்சி பூட்டுப் போட்டது. ஸ்டாண்டுகளை ஒட்டி மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஜிம் இருந்தது. விதிப்படி விடவேண்டிய இடைவெளி இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1846-ல் ஆரம்பித்த கிளப், கிரிக்கெட் சங்கம், மாநகராட்சி, மூணு பேர் நடுவில் ஒரு ஜிம்!

நஷ்டம் யாருக்கு? 2019 ஐபிஎல் ஃபைனல் சென்னையில் நடக்க வேண்டியது. ஸ்டாண்டைத் திறக்க அனுமதி கிடைக்கலை, ஹைதராபாத் போயிடுச்சு. அங்கே சிஎஸ்கே மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோத்தது. சேப்பாக்கத்தில் ஆடியிருந்தா? அந்த சீசனில் சேப்பாக்கத்திலேயே மும்பை நம்மை அடிச்சிருந்தாங்க, அதனால அந்தக் கணக்கு வேண்டாம்.

மாநகராட்சியை மட்டும் திட்ட எனக்கு மனசு வரலை. 1985 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு கால்பந்து மைதானத்தின் மர ஸ்டாண்டு தீப்பிடித்து 56 பேர் செத்தாங்க. இடைவெளி, வெளியேறும் வழி என்று அதிகாரி கேட்பதெல்லாம் வெறும் பேப்பர் வேலை இல்லை.

அந்தத் தீவிபத்துக்குப் பிறகு லண்டனின் சார்ல்டன் அத்லெடிக் கிளப் மைதானத்திலும் ஒரு பகுதியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடினாங்க. மைதானத்தின் பெயர் 'தி வேலி'. நம்ம முள்ளுவேலி இல்லைங்க, பள்ளத்தாக்கு. அதே செப்டம்பரில் கிளப் வேறொரு கிளப்பின் மைதானத்துக்கு ஒண்டுக்குடித்தனம் போனது. திரும்பி வர ஒரு திட்டம் போட்டாங்க, கிரீனிச் கவுன்சில் 1990-ல் அதை நிராகரிச்சது.

ரசிகர்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? கட்சி ஆரம்பிச்சாங்க! 'வேலி கட்சி'. அந்த மே மாதக் கவுன்சில் தேர்தலில் 62 இடங்களில் 60-ல் வேட்பாளர் நிறுத்தினாங்க. தங்களை ஆதரித்த ரெண்டு கவுன்சிலர்களை மட்டும் விட்டுட்டாங்க. ஒரு சீட்டும் ஜெயிக்கலை. ஆனா 14,838 ஓட்டு, கிட்டத்தட்ட 11 சதவீதம். திட்டக் குழுத் தலைவர் தன் இடத்தையே இழந்தார். அடுத்த வருஷம் அனுமதி கிடைச்சது. 1992 டிசம்பர் 5, சொந்த மைதானத்தில் முதல் மேட்ச், போர்ட்ஸ்மவுத்தை 1-0-ன்னு ஜெயிச்சாங்க.

நம்ம ஊரில் ஸ்டாண்டுக்காக யாரும் தேர்தலில் நிற்கலை. கடைசியில் ஜிம்மை இடிச்சாங்க. 2021 பிப்ரவரியில், இங்கிலாந்துடனான இரண்டாவது டெஸ்ட்டுக்கு அந்த மூணு ஸ்டாண்டும் திறந்தது. கொரோனா காலம், பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. தாத்தா டிவியைப் பார்த்துட்டுச் சொன்னார்: "இப்பவும் காலியாத்தானே தெரியுது?"