வளை கழன்ற சொல்

‘நெகிழி இல்லா வளாகம்’ என்று பள்ளிச் சுவர்களில் எழுதிவைக்கிறோம். அந்தச் சொல் புறப்பட்ட இடம் ஒரு பெண்ணின் முன்கை. சங்க அகப்பாடல்களில் தலைவன் பிரிகிறான், தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது. ஊர் பார்த்துவிடுமே என்பது அவள் கவலை. திருக்குறளின் 124ஆம் அதிகாரத்தில் தோளே நெகிழ்கிறது. இவற்றில் எதுவும் விரும்பி நடப்பதில்லை. பிடி தளர்கிறது, அவ்வளவுதான். முடிச்சு நெகிழும், உடை நெகிழும். மொட்டும் நெகிழ்ந்துதான் மலரும்.

பக்திக் காலத்தில் சொல் கையிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. மாணிக்கவாசகர் அதன் உறவான ‘நெக்கு’ என்பதை அடுக்கி உருகுகிறார். அங்கே தளர்வு இழப்பல்ல, பேறு. இன்று நாளிதழ்த் தலைப்புக்குத் தலைப்பு ‘பயணிகள் நெகிழ்ச்சி’, ‘ரசிகர்கள் நெகிழ்ச்சி’ என்று வருவது அந்தப் பேற்றைச் சில்லறை மாற்றியது.

அதே சொல் கலைச்சொல் ஆக்குவோர் கையிலும் சிக்கியது. ஃபிளாப்பி ‘நெகிழ்வட்டு’ ஆயிற்று, 1.44 மெகாபைட் கொள்ளும் அந்த மூன்றரை அங்குலப் பொருளுக்கு வெளியே கெட்டி உறை, உள்ளே மெல்லிய வட்டு. பெயர் வாயில் பழகுமுன் பொருள் போய்விட்டது. பிளாஸ்டிக் ‘நெகிழி’ ஆயிற்று. கிரேக்க மூலத்திலும் ‘உருக்கொடுக்கத் தக்கது’ என்பதே பொருள் என்பதால் நல்ல ஆக்கம்தான். ஆனால் 1907இல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பேக்கலைட் ஒருமுறை சூட்டில் இறுகினால் மறுபடி இளகாது. பெயரில் நெகிழி, இயல்பில் பிடிவாதக்காரன். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அறிவிப்புப் பலகைகளில் நெகிழி நிலைத்தது. கடையில் நாம் கேட்பதென்னவோ இன்றும் ‘ஒரு கவர் குடுங்கண்ணே’தான்.

இப்போது நெகிழ்வு ஒரு தகுதியும்கூட. ‘நெகிழ்வான பணி நேரம்’, ‘நெகிழ்வுத்தன்மை தேவை’ என்கிறார்கள். தானாக நழுவியதை இனி நாமே முயன்று செய்யவேண்டும். பேச்சுத் தமிழ் இதை ஏற்கவில்லை. மகனிடம் எந்தத் தாயும் “நெகிழ்ந்து போ” என்பதில்லை. “கொஞ்சம் அனுசரிச்சுப் போடா”, “வளைஞ்சு குடு”, “நெளிவு சுளிவு தெரியணும்” என்பாள். வளைந்த மூங்கில் விட்டால் நிமிரும். நெகிழ்ந்தது பழையபடி திரும்பும் என்று யார் சொன்னது? அந்தத் தயக்கம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெகிழுக்கு ‘ஞெகிழ்’ என்றொரு பழைய வடிவம் உண்டு. அதே ஒலியில் ‘ஞெகிழி’ என்ற பெயர்ச்சொல்லும் உண்டு; பொருள், கொள்ளிக்கட்டை. குறுந்தொகையின் 150ஆம் பாட்டில் மலைக்காவலன் கொளுத்திய ஞெகிழி நறும்புகையோடு தொலைவில் விண்மீன்போல் மின்னுகிறது. ஊரோரக் குப்பைமேட்டில் இரவில் நெகிழிப் பைகள் எரிவதைப் பார்த்தால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிட்டதாகத் தோன்றும். தொலைவிலிருந்து அதுவும் மின்னத்தான் செய்கிறது. புகைதான் வேறு.